டர்ன் பேஸ்டு ஆட்டத்துக்கு யாராவது அழுவார்களா? (எக்ஸ்பெடிஷன் 33: முதல் பத்து நாள்)

கேள்வி · ஏப்ரல் 26, 2025, சனி, காலை

எல்லாரும் கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 என்ற வீடியோ கேமைச் சொல்லிக் குதிக்கிறார்கள். டிரெய்லர் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டர்ன் பேஸ்டு, அதாவது முறைவைத்து ஆடுவது. நான் ஒரு அடி, அவன் ஒரு அடி, நடுவில் எல்லாரும் கைகட்டி நிற்பது. ரேஷன் கடை வரிசையா இது? இதில் போய் மனசு கரைந்தது, கண்ணீர் வந்தது என்கிறார்கள். ஆடியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். கதையை உடைக்காமல்.

ஏப்ரல் 26, இரவு 11:40

ஆட்டம் வந்தது வியாழன், 24ஆம் தேதி. நான் நேற்று ராத்திரிதான் தொடங்கினேன். முன்னுரைப் பகுதி மட்டும் முடிந்திருக்கிறது, ஒரு மணி நேரம் இருக்கும். அழவில்லை. ஆனால் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

டிரெய்லரில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். லூமியேர் என்று ஒரு ஊர். பாரிஸைப் பிய்த்தெடுத்துக் கடலுக்குள் எறிந்த மாதிரி இருக்கிறது. ஈஃபில் கோபுரம் வெயிலில் விட்ட மெழுகுவத்தி போல வளைந்து நிற்கிறது. கடலுக்கு அப்பால் ஒரு பெரிய கல்தூண், அதில் ஒளிவிடும் ஒரு எண். பெயிண்ட்ரெஸ் என்று ஒருத்தி வருடத்துக்கு ஒருமுறை எழுந்து, அந்த எண்ணை அழித்து, ஒன்று குறைத்து எழுதுவாள். அந்த வயதை எட்டியவர்கள் அதே நிமிடம் பூவிதழாக உதிர்ந்து காற்றில் போய்விடுவார்கள். 100இல் தொடங்கி 67 வருடமாக இது நடக்கிறது. இந்த வருடம் அவள் எழுதுவது 33. இதற்கு அந்த ஊரில் பெயர் கொம்மாஜ். பிரெஞ்சில் ரப்பர் வைத்து அழிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு ஊரே பென்சிலில் எழுதியது போல. அவளை நிறுத்த இந்த வருடம் கிளம்பும் குழுதான் எக்ஸ்பெடிஷன் 33.

போகப்போகிறவர்கள் கழுத்தில் பூமாலை. நமக்கு மாலை என்றால் கல்யாணமும் உண்டு, மற்றதும் உண்டு. ஆட்டம் செய்த பிரெஞ்சுக்காரர்கள் அதை நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த இடம் வேறுமாதிரி பட்டது, அவ்வளவுதான்.

சண்டை? இதுவரை பெரிதாக எதுவும் இல்லை. அதனால் உங்கள் ரேஷன் கடைக் கேள்விக்குப் பதில் நாளைக்கு.

ஏப்ரல் 27, காலை 7:15

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். எனக்கு 41. எண் 33. ஆக எட்டு வருடம் முன்பே நான் காலி. பெண்ணுக்கு 9 வயது. அவளுக்கு இன்னும் 24 வருடம் இருக்கிறது. பரவாயில்லை, 24 வருடம் நிறையத்தான் என்று நினைத்துக்கொண்டே பல் தேய்த்தேன்.

ஏப்ரல் 27, மாலை 6:00

சரி, சண்டை. கேட்டவர் சொன்ன "கைகட்டி நிற்பது" இங்கே கிடையாது. உங்கள் முறையில் மெனுவைத் திறந்து அடி, திறமை, துப்பாக்கி என்று தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம்தான். எதிரியின் முறையில்தான் விஷயம். அவன் ஓங்கும்போது சரியான நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் விலகலாம். இன்னொன்றை அழுத்தினால் வாளால் தட்டிவிடலாம், பாரி என்கிறார்கள். விலகுவதற்குக் கொஞ்சம் தாராளமான நேரம் கொடுக்கிறது. பாரிக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் அவனுடைய எல்லா அடியையும் வரிசையாகப் பாரி செய்துவிட்டால், உங்கள் ஆள் திருப்பி ஒன்று கொடுப்பான் பாருங்கள். ஒவ்வொரு பாரிக்கும் ஒரு ஏபி புள்ளி வேறு சேரும், திறமைகளைப் பயன்படுத்தச் செலவாகும் புள்ளி அது.

என் தீர்ப்பு: இது டர்ன் பேஸ்டு வேஷம் போட்ட ஆக்ஷன் ஆட்டம். மனசு ஒட்டுவதற்குக் காரணம் அந்தப் பாரிதான். முறைவைத்து ஆடுவதில் எதுவும் இல்லை.

(இதை அப்புறம் மாற்றிக்கொண்டேன். கீழே வருகிறது. அழிக்காமல் விடுகிறேன், கொம்மாஜ் செய்ய எனக்கு மனமில்லை.)

ஏப்ரல் 27, இரவு 10:20

என் காலைக் கணக்கு தப்பு என்று ஒருவர் போட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. வயது ஏறுகிறது, எண்ணும் இறங்குகிறது. இரண்டும் எதிரெதிரே வருகின்றன. அதனால் இடைவெளி வருடத்துக்கு இரண்டு குறைகிறது.

பெண்ணுக்கு 24 இல்லை, 12. அவளுக்கு 21 ஆகும்போது தூணில் 21.

என் கணக்கும் தப்பு. நான் போயிருக்க வேண்டியது எட்டு வருடம் முன்பு இல்லை, நாலு வருடம் முன்பு. அப்போது எனக்கு 37, எண் 37. அவளுக்கு அப்போது 5.

அதற்கு மேல் இன்றைக்கு ஆடவில்லை.

ஏப்ரல் 28, மதியம்

அலுவலகத்தில் இருந்து. ஒருவர், "அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு வருடமும் இரண்டு வயதுக்காரர்கள் போவார்கள்" என்கிறார். ஆமாம். போன வருடம் 33 வயதில் தப்பியவர் இப்போது 34, இப்போது 33 ஆனவரோடு சேர்ந்து அவரும் போக வேண்டும். இந்தத் திரியில் இவ்வளவு கணக்கு நடக்கும் என்று தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்திருப்பேன்.

ஊருக்குள் நடக்கும்போது காதில் விழும் பேச்சில் பாதி இதுதான். பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா வேண்டாமா, பெற்றால் அதை வளர்த்து முடிக்க யார் இருப்பார்கள். அனாதைப் பிள்ளைகள் நிறைந்த ஊர். 16 வயது மாயெல், நாம் ஆடும் 32 வயது குஸ்தாவோடும் அவன் சகோதரியோடும் வளர்கிற பெண். குஸ்தாவை "அண்ணா" என்று கூப்பிடுவதா "அப்பா" என்று கூப்பிடுவதா என்று அவளுக்கே தெரியாத மாதிரி ஒரு உறவு. எழுதியவர்கள் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டது நல்லது.

ஏப்ரல் 28, இரவு 11:55

முதல் பாஸ் (பெரிய எதிரி) என்னைப் பதினொரு முறை கொன்றது. இது என் கை குறையா, டிவி குறையா?

ஏப்ரல் 29, காலை 6:50

டிவி குறைதான். யாராவது இதே தொல்லையில் இருந்தால்: டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் உங்கள் பாரி கோவிந்தா. போட்டதும் இரண்டாவது முயற்சியில் ஜெயித்தேன். பதினொரு முறை என் வயதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. கண்ணைப் பார்த்து அழுத்தாதீர்கள், காதைக் கேட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சத்தம் இருக்கிறது. சில எதிரிகள் ஓங்கிவிட்டு நடுவில் நின்று ஏமாற்றுவார்கள். கண் ஏமாறும், காது அவ்வளவு ஏமாறாது. இது முழுக்க என் அனுபவம், எல்லாருக்கும் பொருந்துமா தெரியாது.

கஷ்டமாக இருந்தால் ஸ்டோரி நிலைக்கு இறக்கிக்கொள்ளுங்கள், வெட்கம் ஒன்றும் இல்லை. நான் நடுவில் உள்ள எக்ஸ்பெடிஷனரில் ஆடுகிறேன். எக்ஸ்பர்ட் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது கல்யாணம் ஆகாதவர்களுக்கு.

ஏப்ரல் 29, இரவு

ஒருவர் "30 பேர் செய்த ஆட்டமாம், நம்பாதீர்கள், விளம்பரம்" என்று பொங்கியிருக்கிறார். பாதி சரி. சாண்ட்ஃபால் இன்டராக்டிவ், பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகரத்து நிறுவனம். உள்ளே இருக்கும் குழு ஏறக்குறைய 30 பேர்தான். ஆனால் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல் நீளம். சண்டை அசைவுகளுக்குக் கொரிய அனிமேட்டர்கள், இசைக் கலைஞர்கள், குரல் கொடுத்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், சோதித்தவர்கள் எல்லாரும் வெளியாட்கள். அதைச் சொல்வதால் அந்த 30 பேரின் பெருமை குறையாது, சொல்லாமல் விட்டால் மற்றவர்களின் உழைப்பு காணாமல் போகும்.

இயக்குநர் கியோம் ப்ரோஷ் முன்பு யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனத்தில் இருந்தவர். சின்ன வயதில் ஆடிய ஜப்பானிய டர்ன் பேஸ்டு ஆட்டங்களைப் போல, ஆனால் நிஜமான உருவங்களோடு இப்போது யாரும் செய்வதில்லையே என்ற குறையில் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் லோரியன் டெஸ்டாரைக் கண்டுபிடித்த கதைதான் எனக்குப் பிடித்தது. அவர் தன் பாட்டுகளை சவுண்ட்கிளவுடில் போட்டு, ஒரு இணைய மன்றத்தில் இணைப்புக் கொடுத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு ப்ரோஷ் கூப்பிட்டார். இதற்கு முன் ஒரு ஆட்டத்துக்கும் அவர் இசை போட்டதில்லை. மன்றத்தில் எழுதுவதால் என்ன பயன் என்று என் வீட்டில் கேட்பார்கள், இந்தக் கதையைச் சொல்ல வைத்திருக்கிறேன்.

பெயரைப் பற்றி: கிளேர் ஒப்ஸ்க்யூர் என்றால் வெளிச்சமும் இருட்டும். ஓவியத்தில் இருட்டு நிறையப் போட்டு, முகத்தில் மட்டும் வெளிச்சம் விழச் செய்யும் முறைக்கு அந்தப் பெயர். ஆட்டத்தில் பகலிலும் அப்படித்தான் வெளிச்சம் விழுகிறது.

ஏப்ரல் 30, இரவு 12:30

ஃபிளையிங் வாட்டர்ஸ் என்ற இடத்துக்கு வந்தேன். தண்ணீர் இல்லாத கடலடி. பவளம் இருக்கிறது, பாசி ஆடுகிறது, குமிழி மேலே போகிறது, தலைக்கு மேல் திமிங்கிலம் மாதிரி ஒன்று நீந்துகிறது. நம் ஆட்கள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அரை மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் கேமராவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒருவகை எதிரி தலைக்கு மேல் கண்ணிவெடி மிதக்க விட்டுக்கொண்டு வருகிறான். அவனை விட்டுவிட்டு வெடியைச் சுட வேண்டும். இந்தச் சின்னக் குறும்பு ஒவ்வொரு எதிரியிடமும் உண்டு.

மே 1, காலை

நேற்று அழகில் மயங்கி ஒன்றை எழுதாமல் விட்டேன். இடங்களுக்குள் மினிமேப், அதாவது திரை ஓரத்தில் வழிகாட்டும் சின்ன வரைபடம், கிடையாது. அதே பவளத்தை நான்கு முறை சுற்றினேன். "உலகத்தைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்பது நோக்கமாக இருக்கலாம். எனக்கு அது திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் நிலைமை. பிக்டோ, லூமினா மெனுவில் எழுத்து எறும்பு சைஸ். சோபாவில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை, எழுந்து டிவி முன்னால் போய் நிற்கிறேன்.

பிக்டோ என்றால் என்ன என்று கேட்டவருக்கு: அது நகை மாதிரி. ஒருவர் மாட்டிக்கொண்டு நாலு சண்டை ஜெயித்தால் அதன் வித்தை லூமினாவாக மாறிக் குழுவில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் கற்றது எல்லாருக்கும். கணக்குப் பிள்ளை மனசு உள்ளவர்கள் இதிலேயே குடியிருக்கலாம். நான் இரண்டு மணி நேரம் குடியிருந்தேன்.

மே 1, மாலை (விடுமுறை)

இன்றைக்கு ஜெஸ்ட்ரல் கிராமம். தலையில் தூரிகை முடி வைத்த மரப்பொம்மை ஆட்கள். அவர்களுக்குச் சண்டைதான் வணக்கம், சண்டைதான் நன்றி. கடைக்காரரை அடித்து ஜெயித்தால் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் சரக்கையும் எடுத்து விற்பார். நம் பக்கத்துப் பேரம் இதைவிட மென்மையானதா என்றால், சொல்ல முடியாது.

இல்லாத சுவரைத் தடவிக்கொண்டு நிற்கும் மைம் (பேசாமல் நடிப்பவன்) ஒருவனையும் வீழ்த்தினேன். பரிசு: பகெட் ரொட்டியோடு ஒரு உடுப்பு. உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது குழுவில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு அலைகிறார். அடுத்த சோகக் காட்சியிலும் அதே உடுப்பு. என் தப்புதான்.

பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரத்தம் வருகிற இடமாக இருந்தால் அனுப்பிவிடுவேன், இந்தக் கிராமம் பரவாயில்லை. திரையின் ஓரத்தில் அடுத்தடுத்து யார் அடிப்பார்கள் என்று சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்: "அப்பா, இப்ப யார் முறை?"

மே 2, இரவு 1:10

என் 27ஆம் தேதித் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

பாரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கி ஒரு ஓட்டமும் குதியுமான ஆட்டத்தில் வைத்தால் வெறும் பாரி. இங்கே அது இனிப்பதற்குக் காரணம், அதற்கு முன்னால் நான் காத்திருக்கிறேன். யார் அடுத்து என்று தெரியும். அவன் யாரை அடிப்பான் என்று தெரியாது. குழுவில் உள்ள லூன் கையில் கொஞ்சம்தான் உயிர் இருக்கிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது, இனி வருவது வரட்டும் என்று நிற்கும் அந்த இரண்டு விநாடி. சின்ன வயதில் தாயம் ஆடும்போது கட்டை பாட்டி கையில் இருக்கும். என் காய் வெட்டுப்படும் தூரத்தில் இருக்கும். உருட்டுவதற்கு முன் பாட்டி வேண்டுமென்றே வெற்றிலை மடிப்பாள். அந்த வயிற்றுப் பிசைவு இது.

ஊரே அப்படித்தான் இருக்கிறது. யார் முறை எப்போது என்று எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையை வேறு எந்த வகை ஆட்டமாகச் செய்திருந்தாலும் இவ்வளவு ஒட்டியிருக்காது என்று இப்போது படுகிறது.

மே 2, காலை

ராத்திரி எழுதியதைப் படித்தால் கொஞ்சம் அதிகமாகத் தத்துவம் பேசிவிட்டேன். "சண்டையை வேலை மெனக்கெட்டு அப்படி யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள், பிடித்த பழைய ஆட்டத்தைப் போலச் செய்தார்கள், பொருந்திவிட்டது" என்று ஒருவர் போட்டிருக்கிறார். இருக்கலாம். பொருந்தியது பொருந்தியதுதானே.

மே 2, இரவு

கதையை உடைக்காமல் இன்னொரு விஷயம். கரைக்குப் போனதும் மலையேற அங்கங்கே கைப்பிடிகள், கயிறு மாட்டித் தாவ வளையங்கள் இருக்கும். எல்லா ஆட்டத்திலும் இருப்பதுதானே என்று கவனிக்காமல் ஏறிக்கொண்டிருந்தேன். அவற்றை அடித்து வைத்தது முன்னால் போன குழுக்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு குழு கிளம்பியிருக்கிறது, யாரும் திரும்பவில்லை, போகிற வழியில் பின்னால் வருகிறவர்களுக்காக ஆணி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களின் பதிவுகளும் ஆங்காங்கே கிடைக்கும், குரலோடு. சில பதிவுகள் வீரம், சில வெறும் உளறல், ஒன்றிரண்டு பாதியில் நிற்கும்.

இது தெரிந்த பிறகு அந்த வளையத்தைப் பிடித்துத் தாவும்போதெல்லாம் கை கூசுகிறது.

மே 3, காலை

விற்பனை பற்றிக் கேட்டவருக்கு: மூன்று நாளில் 10 லட்சம் பிரதிகள். அதுவும் ஒப்ளிவியன் என்ற பழைய பிரபல ஆட்டத்தின் மறுவடிவம் இதற்கு இரண்டு நாள் முன்புதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எனக்குப் பேச ஆர்வம் இல்லை.

பிரெஞ்சுக் குரலில் ஆடலாமா என்று கேட்டவருக்கு: ஒரு மாலை ஆடிப் பார்த்தேன். ஊருக்கு அதுதான் பொருத்தம், கேட்கச் சுகம். ஆனால் வாயசைவு ஆங்கிலத்துக்கே அமைந்தது போல எனக்குப் பட்டது. அதோடு, எழுத்தைப் படிப்பதா பாரி செய்வதா என்று திண்டாடித் திரும்ப ஆங்கிலத்துக்கே வந்துவிட்டேன். ஆங்கிலத்திலும் நடுநடுவே பிரெஞ்சு வசவு வருகிறது. வசவுக்கு மட்டும் எந்த மொழியிலும் சப்டைட்டில் வேண்டியதில்லை.

மே 4, ஞாயிறு, இரவு 11:30

முதல் அங்கம் முடிந்தது.

மே 5, காலை 6:10

முதல் அங்கம் முடிக்காதவர்கள் இதற்குக் கீழே படிக்காதீர்கள். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் புத்தி உள்ளவர்களுக்குப் புரிந்துவிடும்.

.
.
.

நான் கிடைத்த நல்ல பிக்டோவை எல்லாம் ஒருவருக்கே மாட்டினேன். முகாமில் வாளைக் கூர்தீட்டக் கிடைத்த கேடலிஸ்ட் எல்லாவற்றையும் ஒரே வாளில் போட்டேன். யாருக்கு என்றால், அந்த ஆளுக்கு. அவர்தான் கடைசிவரை வருவார் என்று கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. சண்டையில் அவர் விழுந்தால் எழுப்ப மருந்து வைத்திருந்தேன். அது சண்டையில் நடக்கவில்லை. எனக்கு முறை வரவில்லை. பொத்தான் எதுவும் காட்டவில்லை. கட்டைவிரல் மட்டும் பாரி பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

மே 5, இரவு

கேட்டவர் திரும்ப வந்து, "அழுதீர்களா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறார். ஐயா, மனைவி சமையலறையிலிருந்து வந்து "ஆபீசில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அப்புறம் இந்தத் திரியை விட்டுப் போகிறேன். குழுவில் புதிதாக ஒருவர் சேர்கிறார். அவரும் அதே வகை வாள்தான் வீசுவார். மெனுவைத் திறந்தால், நான் தீட்டிய அந்த வாள் அவருடைய பட்டியலில் நிற்கிறது. மாட்டு என்று ஒரு பொத்தான். அடி அளவு மூன்று மடங்கு ஏறும் என்று பச்சை அம்பு வேறு காட்டுகிறது.

மாட்டவில்லை. அவர் கொண்டுவந்த வாளோடே ஆடுகிறேன். எல்லாச் சண்டையும் நீளுகிறது.

மே 6, இரவு 12:45

மாட்டிவிட்டேன். இந்தப் பாஸ் வேறுவழி விடவில்லை.